பதினோராம் பாடத்துக்குக் காத்திராத ஆடு

அந்த அலுவலகத்தின் பெயர்ப்பலகை ஒரு தெருவில் தொடங்கி, மூலை திரும்பி, அடுத்த தெருவில் போய் முடியும். 'மாவட்ட இளையோர் வேளாண்மை மற்றும்' என்பது வரைக்கும் கடைத்தெருப் பக்கம். 'சமுதாயக் கல்வி மேம்பாட்டுத் திட்டத் தலைமையகம்' என்பது பேருந்து நிலையத்துப் பக்கம். கடைத்தெருவில் இருப்பவர்களுக்கு அந்த 'மற்றும்' என்ன ஆயிற்று என்று தெரியாது. பேருந்தில் வந்து இறங்குகிறவர்களுக்கு அதற்கு முன்னால் ஒரு வேளாண்மை இருந்ததே தெரியாது. எதற்கு வம்பென்று எல்லோரும் 'திட்டம்' என்றே சொல்லிக்கொண்டார்கள்.

அந்த 'மற்றும்' இருக்கிறதே, அதற்கு நேர் எதிரே பஞ்சர் கடை. கடைக்காரர் நல்ல மனிதர். மண்ணென்றால் டயரில் ஒட்டுவது, ஆணியென்றால் டயரில் ஏறுவது என்று வாழ்ந்தவர். ஒரு நாள் திட்ட அலுவலரின் ஜீப் பஞ்சராகி, அலுவலர் கடை முன்னால் முக்காலியில் வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்தவருக்குச் சும்மா இருக்க முடியவில்லை.

"உங்களுக்குப் பிள்ளைங்க இருக்கா?"

"ஒரே பொண்ணுங்க. பதிமூணு வயசு."

"விவசாயத்துல ஆர்வம் உண்டா?"

"சாப்பிடுவா சார்."

"போதும். நாப்பத்தாறு பேர் சேர்ந்தாச்சு. நாப்பத்தேழுன்னு மேல எழுதிட்டேன். நாளைக்குக் கூட்டிட்டு வாங்க."

இப்படித்தான், கண்ணுகளா, பஞ்சர்காரரின் மகள் நாற்பத்தேழாவது இளம் வேளாண் மாணவி ஆனாள். ஆள் பார்க்க ஒன்பது வயதுபோல இருப்பாள். வளையல் கடையில் குழந்தை அளவு கேட்டு வாங்க வேண்டிய கை. வீட்டிலும் பள்ளியிலும் அவளுக்குப் பெயர் பொடிசு.

திட்டம் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பெட்டை ஆடு கொடுத்தது. பன்னிரண்டு பாடம், மாதத்துக்கு ஒன்று. வருடக் கடைசி வரை ஆடு உயிரோடு இருந்து, ஒரு மாதம்கூட எடை குறையாமல் இருந்தால் ஆடு பிள்ளைக்கே சொந்தம். ஒரு தடவை எடை குறைந்தாலும் பிள்ளை தோல்வி. ஆடு திட்டத்தின் கிடங்குக்குத் திரும்பிவிடும்.

கிடங்குக்காரர் ஆட்டைக் கொடுக்கும்போது பதிவேட்டை விரித்துச் சத்தமாகப் படித்தார். "விலங்கு எண் நாற்பத்தேழு. பெட்டை. கறுப்பு. இடது காதில் வெள்ளை. சினையில்லாதது. மடி இறங்காதது. உடன் வரும் விலங்குகள் இல்லை. எடை முப்பத்திரண்டு. கையெழுத்துப் போடுங்க."

பொடிசு ஆட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அது முகத்தைத் தூக்கி, அலுவலகம் முழுவதையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வேண்டாவெறுப்பாக ஒரு கத்துக் கத்தியது. அந்த நிமிடமே அவள் அதற்குச் சீமாட்டி என்று பெயர் வைத்துவிட்டாள்.

பிறகு உறுதிமொழி. நாற்பத்தேழு பிள்ளைகளும் ஆட்டின் நெற்றியில் இடது கையை வைத்துக்கொண்டு, அலுவலர் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னார்கள்: "இந்த விலங்கை நான் பாட வரிசைப்படி மட்டுமே அறிவேன். பாட வரிசைப்படி மட்டுமே நேசிப்பேன்."

பாடப் புத்தகத்தைப் பொடிசு வீட்டுக்கு வந்து பிரித்தாள். முதல் பாடம், திட்டத்தின் வரலாறு. இரண்டாம் பாடம், திட்டத்தின் நிர்வாக அமைப்பு. மூன்று, விலங்கு என்றால் என்ன. நான்கு, விலங்கை அணுகுதல். ஐந்து, தீவனம். ஆறு, விலங்கைத் தொடுதல். ஒன்பது, சினை. பதினொன்று, பிரசவம். பன்னிரண்டாம் பாடம் நன்றி கூறுதல்.

பஞ்சர்காரரின் மனைவி தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். பத்துப் பன்னிரண்டு ஆடு இருந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவள் அவள்.

"தீவனம் அஞ்சாம் மாசமா? அதுவரைக்கும் இது என்னத்தத் தின்னும்? வரலாறா?"

பஞ்சர்காரர் மறுநாள் தெருவைக் கடந்து போய் இதையே மரியாதையாகக் கேட்டார். அலுவலர் சிரித்தார். "ஐந்தாம் பாடம் வரைக்கும் காப்பாளர், அதாவது நீங்க, தீவனம் போடலாம். மாணவி தள்ளி நின்னு பார்க்கணும். பார்த்து என்ன தெரிஞ்சுக்கிட்டாங்கறத எழுதக் கூடாது. அது ஏழாம் பாடம்."

அன்றிலிருந்து பஞ்சர்காரர் காலையில் கடை திறப்பதற்கு முன் தழை வெட்டப் போனார். பொடிசு தள்ளி நின்று பார்த்தாள்; அதாவது யாராவது தெருவில் போகும்போது மட்டும். மற்ற நேரமெல்லாம் சீமாட்டி அவள் மடியில் தலை வைத்துக்கொண்டு அசைபோட்டது.

மூன்றாம் பாடம் நடந்த மாதத்தில், ஒரு நாள் பஞ்சர்காரரின் மனைவி ஆட்டின் வயிற்றில் கையை வைத்து அழுத்திப் பார்த்தாள். பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ஏங்க, இது தழை இல்ல. குட்டி."

"என்னது?"

"சினையா இருக்கு. வாங்கறப்பவே இருந்திருக்கு. இன்னும் ஒண்ணரை மாசம் தாங்கும். குட்டி ரெண்டு இருக்கும்போல."

பொடிசு குதித்தாள். பஞ்சர்காரருக்கோ தனக்குத் தெரியாமலே ஏதோ விதியை மீறிவிட்டோமோ என்றுதான் முதலில் தோன்றியது. கையைக் கழுவிக்கொண்டு தெருவைக் கடந்தார்.

"சார், ஆடு சினையா இருக்குங்க."

அலுவலர் பேனாவைக் கீழே வைத்தார். "எத்தனையாவது பாடம் நடக்குது?"

"மூணாவதுங்க."

"சினை எத்தனையாவது பாடம்?"

"ஒம்பதுங்க."

"பின்ன இப்ப எப்படிச் சினையா இருக்கும்?"

"அது பாடம் படிக்கலீங்களே சார்."

"அதான் தப்பு. உங்க பொண்ணு சொல்லித் தரலையா?" அலுவலர் ஒரு கோப்பைப் பிரித்தார். "இதோ பாருங்க, சினையில்லாததுன்னு சான்று. என் கையெழுத்து. என் கையெழுத்துக்கு மேலயா உங்க ஆடு?"

"என் வீட்டுக்காரி தொட்டுப் பார்த்துச் சொன்னாங்க."

"தொட்டாங்களா? அது ஆறாம் பாடமாச்சே." அலுவலருக்கு நிஜமாகவே வருத்தம். "சரி, போனது போகட்டும். நீங்க நல்ல மனுஷன். ஒண்ணு சொல்றேன். கொஞ்சம் தள்ளிப் போடச் சொல்லுங்க."

"யாரைங்க சார்?"

"நீங்கதான காப்பாளர்? ஆட்டுக்கிட்ட நீங்கதான் பேசணும்."

பஞ்சர்காரர் தலையாட்டிவிட்டு வந்தார். பாதித் தெருவில்தான் எதற்குத் தலையாட்டினோம் என்று யோசித்தார்.

மூன்றாம் நாள் கள உதவியாளர் வந்தார். கையில் அச்சடித்த அறிவிப்பு: 'விலங்கு எண் நாற்பத்தேழு, பாட வரிசைக்கு முந்திய நிலையை அடைந்ததாகப் புகார் வந்துள்ளது. பதினைந்து நாளுக்குள் விளக்கம் தரவும்.' விலாசத்தில் ஆட்டின் எண் இருந்ததால் அதை ஆட்டிடம்தான் கொடுக்க வேண்டும் என்றார் உதவியாளர். கொட்டகைத் தூணில் பசை தடவி ஒட்டினார். அவர் திரும்புவதற்குள் சீமாட்டி அறிவிப்பை மேலிருந்து கீழாக, ஓரம்கூட விடாமல் தின்று முடித்தது. பசை பிடித்திருந்ததோ என்னவோ, தூணையும் நக்கியது.

உதவியாளர் சற்று யோசித்து, குறிப்பேட்டில் எழுதினார்: 'அறிவிப்பு உரியவரால் நேரில் பெற்றுக்கொள்ளப்பட்டது.'

எழுதியவர் அப்படியே அந்த மாத எடையையும் பார்த்துவிடலாம் என்று தராசில் ஆட்டைத் தொங்கவிட்டார். முள் முப்பத்தெட்டில் போய் நின்றது. உதவியாளருக்குக் கண் விரிந்தது. மற்ற நாற்பத்தாறு ஆடுகளும் வரலாறும் நிர்வாகமும் கேட்டு, வந்த எடையிலேயே எலும்பும் தோலுமாக நின்றன. இங்கே மூன்று மாதத்தில் ஆறு கிலோ!

அன்று மத்தியானம் அலுவலரே பஞ்சர் கடைக்கு ஓடி வந்தார். அவர் தன் காலால் நடந்து தெருவைக் கடந்ததைக் கடைத்தெரு அன்றுதான் பார்த்தது.

"யோவ், சினைன்னு சொல்லிக் கலங்கடிச்சிட்டீங்களே! அது சினை இல்லய்யா. வளர்ச்சி!"

"சார், வயித்துல உதைக்குதுங்க."

"வளர்ச்சின்னா உதைக்கத்தான் செய்யும்."

அலுவலகச் சுவரில் வரைபடம் ஏறியது. சிவப்புக் கோடு ஒன்று மூலையிலிருந்து கிளம்பி மேலே மேலே போயிற்று. இரண்டாம் பாடம் நடந்த மாதத்திலிருந்துதான் கோடு ஏறத் தொடங்கியிருக்கிறது என்று அலுவலர் கண்டுபிடித்தார். நிர்வாக அமைப்பைக் கற்பித்தால் ஆட்டுக்குச் சதை போடும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? மற்ற நாற்பத்தாறு வீட்டுக்கும் சுற்றறிக்கை போயிற்று. நாற்பத்தாறு பிள்ளைகள் மாலையில் ஆட்டுக்கு எதிரே உட்கார்ந்து, 'இயக்குநருக்குக் கீழே மூன்று இணை இயக்குநர்கள். ஒவ்வொரு இணை இயக்குநருக்குக் கீழே...' என்று உரக்கப் படித்தார்கள். ஒரு ஆடு நான்காம் நாள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது. அதன் மேல் என்ன குற்றம் சொல்ல முடியும்?

நான்காம் பாடத்தின் முடிவில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, இளையோர் தினம். தலைநகரத்திலிருந்து இயக்குநர் வருகிறார். எல்லோர் கண்ணெதிரிலும் முன்மாதிரி ஆட்டை எடைமேடையில் ஏற்றிக் காட்ட வேண்டும். அலுவலர் பொடிசின் தலையைத் தட்டிக்கொடுத்துச் சொன்னார்: "அன்னைக்கு முப்பத்தெட்டுக்கு மேல நின்னுச்சுன்னா, வருஷக் கடைசி வரைக்கும் காத்திருக்க வேணாம்மா. அங்கயே, அப்பவே, ஆடு உனக்குச் சொந்தம். ஒரு கிலோ குறைஞ்சாலும் எனக்கு வேற வழி இல்ல. கிடங்குதான்."

பொடிசுக்கு அன்றிரவிலிருந்து ஒரே வேண்டுதல். சீமாட்டியின் காதில் போய்ச் சொல்வாள்: "ஞாயித்துக்கிழமை மத்தியானம் வரைக்கும் தாங்கு. அப்புறம் உன் இஷ்டம்."

"அது கேக்குமாடி?" என்றாள் அம்மா.

"அப்பாவையே ஆட்டுக்கிட்டப் பேசச் சொல்லி ஆபீசர் சொல்லியிருக்காரும்மா."

ஞாயிறு வந்தது. திடல் முழுக்கப் பந்தல், நாற்காலி, தோரணம். மேடையில் ஒலிபெருக்கி. மேடைக்கு முன்னால் பெரிய எடைமேடை. அதன் வட்ட முகப்பு கடைசி வரிசைக்கும் தெரியும்படி வண்டிச் சக்கரம் அளவு இருந்தது. சீமாட்டியை ஏற்றினார்கள். கழுத்தில் ஊதா ரிப்பன். முள் நாற்பத்தொன்றில் நின்றது. கைதட்டல். இயக்குநர் பேசி முடித்ததும் அந்த எண்ணை அவர் வாயால் அறிவிப்பார், அப்போது ஆடு பொடிசுக்குச் சொந்தம் என்று ஏற்பாடு. அதுவரை ஆடு இறங்கக் கூடாது.

இயக்குநர் எழுந்தார். கையிலிருந்த தாள்களைப் பார்த்ததுமே கூட்டத்தில் பாதிப் பேர் கால்மாற்றி உட்கார்ந்தார்கள்.

"அன்பான இளைய விவசாயிகளே! இந்தத் திட்டம் தொடங்கி இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இதுவரை ஒரு மாணவன்கூட விவசாயத்துக்குப் போகவில்லை. அத்தனை பேரும் அலுவலகங்களில் நல்ல நிலையில் இருக்கிறார்கள் என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்."

சீமாட்டி முன்காலால் எடைமேடையைப் பிராண்டியது. படுத்தது. எழுந்தது. மறுபடி படுத்து, கழுத்தை நீட்டிக் கத்தியது. பொடிசு அப்பாவின் கையைப் பிடித்தாள்.

"அப்பா, சீமாட்டிக்கு வலி வந்துடுச்சு."

"இன்னும் கொஞ்ச நேரம் கண்ணு. அவர் முடிச்சிடுவாரு."

இயக்குநர் முதல் தாளைப் பின்னால் வைத்தார். இன்னும் பதினாறு தாள்.

பனிக்குடம் உடைந்து எடைமேடையிலிருந்து சொட்டியது. அம்மா கயிற்றைத் தாண்டி உள்ளே வந்து குனிந்து பார்த்தாள். முகம் மாறியது. "ஒரு கால்தான் தெரியுது. இன்னொரு கால் உள்ளே மடங்கிக் கிடக்கு. உள்ளே கைய விட்டு நேராக்கணும். இல்லைன்னா குட்டியும் போகும், தாயும் போகும்." அவள் தன் கையைப் பார்த்தாள். துணி துவைத்து, விறகு பிளந்து தடித்த கை. "என் கை போகாது. பாப்பா, உன் கையக் கழுவிட்டு வா."

பொடிசு நின்றாள். எடை முகப்பைப் பார்த்தாள். நாற்பத்தொன்று. குட்டி வெளியே வந்துவிட்டால் அந்த முள் எங்கே போகும் என்று அவளுக்குத் தெரியும். பதிமூன்று வயதுப் பிள்ளைக்குக் கணக்குத் தெரியாதா? அவள் உதடு ஒரு தடவை கோணியது. பிறகு தண்ணீர்க் குடத்தை நோக்கி ஓடினாள்.

அவள் திரும்பி வரும்போது அலுவலர் குறுக்கே நின்றார். "எங்க போற? நாலாம் பாடம்மா நீ. அணுகலாம். தொடக் கூடாது. இயக்குநர் பார்த்தா என்ன நினைப்பார்?"

அப்போதுதான் பஞ்சர்காரர் அலுவலருக்கும் மகளுக்கும் நடுவில் வந்து நின்றார். அவருக்குச் சண்டை போடத் தெரியாது. தெரிந்ததெல்லாம் கேள்வி கேட்பதுதான். நான்கு மாதமாக அதைத்தானே செய்துகொண்டிருக்கிறார்.

"சார், ஒரு சந்தேகம். அணுகறதுக்கும் தொடறதுக்கும் நடுவுல எவ்வளவு இடைவெளி விடணும்?"

அலுவலரின் முகம் மலர்ந்தது. பதினெட்டு வருட வேலையில் அவரிடம் இதை யாரும் கேட்டதில்லை. "நல்ல கேள்வி! பாருங்க, நாலாம் பாடம், இரண்டாம் பகுதி..." என்று புத்தகத்தைப் பிரித்தார். "அணுகுதல் என்பது மூன்று வகைப்படும்."

"முதல் வகை என்னங்க?"

பொடிசு அவர் முதுகுக்குப் பின்னால் எடைமேடையில் மண்டியிட்டாள். சின்னக் கை உள்ளே போயிற்று. "ஏதோ முட்டி மாதிரி இருக்கும்மா." "அதான், அத மெல்லப் பின்னால தள்ளு. குளம்ப உள்ளங்கையில மூடிக்க, கிழிச்சிடப் போகுது. இப்ப முன்னால கொண்டா. ஆடு முக்கறப்ப இழு. சும்மா இருக்கறப்ப நீயும் சும்மா இரு."

மேடையில் இயக்குநர் பன்னிரண்டாம் தாளுக்கு வந்திருந்தார். "இருபத்திரண்டு ஆண்டுகளில் நம் திட்டத்தில் ஒரு ஆடுகூடக் குட்டி போட்டதில்லை! குட்டிக்கு முன்பே திருப்பி வாங்கிவிடுவோம். பிள்ளைகளின் கல்விக்கு நடுவே கால்நடைகள் குறுக்கிட நாம் ஒருபோதும் அனுமதித்ததில்லை!"

அந்த நொடியில் முதல் குட்டி வழுக்கிக்கொண்டு வந்து பொடிசின் மடியில் விழுந்தது. அம்மா அதன் மூக்கைத் துடைத்து, பின்காலைப் பிடித்து ஓர் உலுக்கு உலுக்கினாள். குட்டி தும்மியது. திடலே எழுந்து நின்று கைதட்டியது. இயக்குநர் நெகிழ்ந்துபோய் மார்பில் கை வைத்துக் குனிந்தார். இரண்டாவது குட்டி யார் உதவியும் இல்லாமல் வந்தது. மறுபடியும் கைதட்டல். தன் பேச்சுக்கு இப்படி ஒரு வரவேற்பை வாழ்நாளில் கண்டிராத இயக்குநர், முடித்த தாள்களில் இரண்டைத் திரும்பவும் எடுத்துப் படித்தார்.

படித்து முடித்து, கீழே இறங்கி வந்து எடை முகப்பைப் பார்த்தார். பொடிசு குட்டிகளைக் கீழே இறக்கிவிட்டுப் பக்கத்தில் நின்றாள். சீமாட்டி மட்டும் எடைமேடையில். முள் முப்பத்துநான்கு.

"என்னய்யா இது? நான் பேச ஆரம்பிக்கறப்ப நாப்பத்தொண்ணு. பேசி முடிக்கறதுக்குள்ள ஏழு கிலோவா?"

அலுவலர் பாடப் புத்தகத்தைப் புரட்டினார். பஞ்சர்காரரின் மனைவிதான் பதில் சொன்னாள். "அந்த ஏழு கிலோவுல பாதி இங்க நின்னு பால் குடிக்கப் பாக்குது சார். மீதி உங்க செருப்புக்குக் கீழ இருக்கு. பார்த்து நடங்க."

எடைமேடைக்குப் பக்கத்திலேயே அவசரக் கூட்டம் கூடியது. அறிக்கையில் அலுவலர் எழுதினார்: 'எடை இழப்பு ஏழு கிலோ. காரணம் அறியப்படவில்லை.' காரணம் அவர் கால்சட்டையை மோந்துகொண்டிருந்தது.

"சார், குட்டி போட்டுச்சுங்க" என்றார் பஞ்சர்காரர்.

"அப்படி எழுத முடியாதுய்யா. சினையில்லாததுன்னு சான்று இருக்கே. சினையில்லாத ஆடு எப்படிக் குட்டி போடும்? அந்தக் குட்டிங்க உங்க சொந்த விஷயம். திட்டத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. ஆட்ட மட்டும் நாளைக்குக் கிடங்குல ஒப்படைச்சிடுங்க." பிறகு குரலைத் தாழ்த்தினார். "பொண்ணு தோல்வி. எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. பிரசவம் நல்லாத்தான் பார்த்தா. ஆனா வரிசை தப்பிடுச்சே."

பொடிசு அழவில்லை. அதுதான் பஞ்சர்காரரை அறுத்தது. வீட்டுக்கு வந்து குட்டிகளைத் தாயிடம் விட்டு, அவை முட்டி முட்டிக் குடிப்பதைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். "தாய் போயிட்டா இதுங்க எத்தனை நாள் இருக்கும்மா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலை பஞ்சர்காரர் ஆட்டைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு நடந்தார். குட்டிகள் விடாமல் பின்னால் வந்தன. குட்டிகளுக்குப் பின்னால் பொடிசு.

கிடங்குக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பதிவேட்டை விரித்தார். படித்தார். ஆட்டைப் பார்த்தார். குனிந்து மடியைப் பார்த்தார். தராசில் தொங்கவிட்டார். மறுபடி படித்தார்.

"இது வேற ஆடு."

"இல்லீங்க. இதே ஆடுதான். காதப் பாருங்க, வெள்ளை..."

"காது ஆயிரம் ஆட்டுக்கு வெள்ளையா இருக்கும். பதிவு என்ன சொல்லுது? சினையில்லாதது, மடி இறங்காதது. உங்க ஆட்டுக்கு மடி தரையத் தொடுது. கடைசியா விழாவுல பதிவான எடை நாப்பத்தொண்ணு. இது முப்பத்துநாலு. உடன் வரும் விலங்குகள் இல்லை. இங்க ரெண்டு நிக்குது. என்னய்யா, என்னையே ஏமாத்தப் பாக்குறியா?"

"ஐயா, சத்தியமா நீங்க குடுத்த ஆடுதான். ஆபீசரக் கேட்டுப் பாருங்க, அவரே..."

சட்டை நுனியை யாரோ இழுத்தார்கள். பஞ்சர்காரர் குனிந்தார். பொடிசு இரண்டு கண்ணையும் அகல விரித்து அவரையே பார்த்தாள். ட்யூபைத் தண்ணீரில் முக்கிச் சுற்றிச் சுற்றித் தேடிய ஓட்டையிலிருந்து சட்டென்று குமிழ் கிளம்புமே, அப்படி ஏதோ அவருக்குள் கிளம்பியது.

வாயை மூடினார். பிறகு மெதுவாகத் திறந்தார்.

"ஆமாங்க. நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும். அப்ப இத நீங்க வாங்க மாட்டீங்க?"

"எட்டு வருஷமா பதிவுக்கு ஒவ்வாத ஒரு வாளியக்கூட நான் உள்ள விட்டதில்ல. ஆட்டையா விடுவேன்?"

"அப்படின்னா அதையே எழுதிக் குடுத்துடுங்க ஐயா. ஆபீசர் கேப்பாரு."

கிடங்குக்காரர் பெருமையாக நிமிர்ந்து உட்கார்ந்தார். 'கொண்டுவரப்பட்ட ஆடு திட்டத்துக்குச் சொந்தமானது அல்ல. இதை ஏற்க இயலாது' என்று அழகான கையெழுத்தில் எழுதி, மூன்று முத்திரை குத்தினார். மூன்றாவது முத்திரை எதற்கென்று அவருக்கும் தெரியாது. எப்போதும் மூன்று குத்துவார்.

திரும்பி வரும் வழியெல்லாம் பொடிசு குட்டிகளோடு போட்டி போட்டுக் குதித்தாள்.

திட்டம் இன்னும் அந்த ஆட்டைத் தேடிக்கொண்டிருக்கிறது. நாற்பத்தொரு கிலோ எடையுள்ள, சினையில்லாத, மடி இறங்காத விலங்கு எண் நாற்பத்தேழை உடனே ஒப்படைக்கும்படி மாதாமாதம் ஓர் அறிவிப்பு வருகிறது. கள உதவியாளர் கொட்டகைத் தூணில் அதை ஒட்டுகிறார். சீமாட்டியும் இரண்டு குட்டிகளும் மூன்று பங்காகக் கிழித்துத் தின்கின்றன. 'பெற்றுக்கொள்ளப்பட்டது' என்று எழுதிக்கொண்டு அவர் போகிறார்.

கிடங்குக்காரர் கொடுத்த தாளை மட்டும் பஞ்சர்காரரின் மனைவி கொட்டகைக் கூரையின் உச்சி மரத்தில், நான்கு மூலையிலும் ஆணியடித்து வைத்திருக்கிறாள். சீமாட்டி தினமும் ஒரு தடவை தூணில் முன்கால்களை ஊன்றி, கழுத்தை நீட்டி, அதை எட்டிப் பார்க்கும். இன்னும் ஒரு முழம் எட்டாது.